குடமும் குயவனும்: பண்டங்களுக்குக் கடவுச்சீட்டு வழங்குதல் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

நம் தத்துவ மரபிலே காரண காரியத் தொடர்பை விளக்கப் புகும் ஆசிரியர் எவரும் முதலிற் கையிலெடுப்பது குடத்தையே. குடத்துக்கு மண் முதற்காரணம். தண்டமும் சக்கரமும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம். சைவ சித்தாந்தம் கற்பிக்கப்படும் வகுப்பறைகளில் இந்த எடுத்துக்காட்டுப் பன்முறை சொல்லப்பட்டுத் தேய்ந்துவிட்டமையால், குடம் என்பது ஒரு பண்டம், அதனை ஒருவர் விலை கொடுத்து வாங்குவார், ஒருநாள் அது உடையும், உடைந்த ஓடு எங்கோ போய்ச் சேரும் என்பதெல்லாம் மாணவர் மனத்தில் எழுவதேயில்லை. உலகுக்குக் கருத்தா ஒருவன் உண்டு என நிறுவுதற்கு அழைத்துவரப்பட்ட குடம், அவ்வேலை முடிந்ததும் மறக்கப்பட்டுவிடுகிறது. அந்தக் குடத்தை மீண்டும் கையிலெடுத்து, அதனைப் பண்டமாகவே வைத்துச் சில வினாக்களை எழுப்புவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினாக்களை இன்று எழுப்புவதற்கு ஏதுவாய் அமைந்தது ஐரோப்பாவில் இயற்றப்பட்ட ஒரு சட்டம். நிலைபேறான பண்டங்களுக்கான சூழலியல் வடிவமைப்புப் பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/1781 ஆம் இலக்க ஒழுங்குவிதி 2024 யூலை 18 ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. இத்தகைய சட்டம் அங்கு முற்றிலும் புதியதன்று. 2005 இல் சக்தியை நுகரும் கருவிகளுக்கும், 2009 இல் சக்தி நுகர்வோடு தொடர்புடைய பண்டங்களுக்கும் வடிவமைப்பு விதிகளுக்கான சட்டங்கள் இயற்றப்பட்டிருந்தன. ஒரு குளிர்சாதனப் பெட்டி எவ்வளவு மின்சாரத்தை உண்ணலாம் என்பது போன்றவையே அன்றைய கவலைகள். புதிய சட்டமோ உணவு, கால்நடைத் தீவனம், மருந்து, உயிருள்ளவை முதலிய சில நீங்கலாக ஏறத்தாழ எல்லாப் பௌதிகப் பண்டங்களையும் தன் எல்லைக்குட் கொணர்கிறது. ஒரு பண்டம் எத்துணைக் காலம் உழைக்கும், அது திருத்தத்தக்கதா, அதன் உறுப்புக்களைக் கழற்றி மாற்ற இயலுமா, அதில் எவ்வளவு பங்கு மீள்சுழற்சி செய்யப்பட்ட மூலப்பொருள், தீங்கு பயக்கும் இரசாயனங்கள் எவை உள என்பன யாவும் சட்டம் கேட்கும் வினாக்களாகிவிட்டன. விதிகள் பண்டவகை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வகுக்கப்படல் வேண்டும். 2025 ஏப்பிரலில் வெளிவந்த முதலாவது வேலைத்திட்டம் இரும்பும் உருக்கும், அலுமினியம், ஆடை, தளபாடம், ரயர், மெத்தை ஆகியவற்றை முன்னிறுத்தியுள்ளது. இவற்றுள் ஆடையும் ரயரும் நம் நாட்டிலிருந்து அங்கு செல்வன. இலங்கையின் பண்ட ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு ஆடையிலிருந்தே கிடைக்கிறது. ஆதலின் இது பிறர் வீட்டுச் சட்டம் என ஒதுக்கிவிடும் வசதி நமக்கில்லை.

இச்சட்டத்திற் பெரிதும் பேசப்படுவது இலக்கமுறைப் பண்டக் கடவுச்சீட்டு என்னும் ஏற்பாடு. பண்டத்தின் மீதோ, அதன் பொதியின் மீதோ, உடன்வரும் ஆவணத்திலோ ஒரு குறி பொறிக்கப்பட்டிருக்கும். கடைகளில் இன்று நாம் காணும் சதுரக் கியூ.ஆர். குறி போன்றது அது. கைத்தொலைபேசியை அதன்மேற் பிடித்தால், அப்பண்டத்துக்குரிய அடையாள இலக்கத்தின் வழியே அதன் வரலாறு திறக்கும். அவ்வரலாறு ஒரு மாதிரி முழுவதற்கும் பொதுவானதா, ஒரு தொகுதிக்கு உரியதா, தனியொரு பண்டத்துக்கு உரியதா என்பதை அவ்வப் பண்டவகைக்கான விதி தீர்மானிக்கும். யாவரும் யாவற்றையும் பார்த்துவிட முடியாது. வாங்குபவர், திருத்துபவர், மீள்சுழற்சி செய்பவர், அதிகாரிகள் ஆகியோருக்கு வெவ்வேறு அளவிலேயே கதவு திறக்கும். உற்பத்தி நிறுவனம் முறிந்துபோயினும் தகவல் அழியாதிருக்கும்பொருட்டு வேறொரு சேவையாளரிடம் அதன் பிரதி வைக்கப்படும். இறக்குமதியாகும் பண்டத்தின் இலக்கம் மத்திய பதிவேட்டில் உள்ளதா எனச் சுங்கப் பகுதியினர் ஒப்பிட்டுப் பார்ப்பர். பற்றரிகளுக்கு இவ்வேற்பாடு 2023/1542 ஆம் இலக்கத் தனிச் சட்டத்தின் கீழ் முந்திக்கொண்டது. மின்வாகனங்கள், மின்சாரத் துவிச்சக்கரவண்டி போன்ற இலகு வாகனங்கள் ஆகியவற்றின் பற்றரிகளுக்கும் 2 கிலோவாற்று மணிக்கு மேற்பட்ட கைத்தொழிற் பற்றரிகளுக்கும் 2027 பெப்ரவரி 18 முதற் கடவுச்சீட்டுக் கட்டாயம் என அச்சட்டம் விதிக்கிறது.

இனி அறவியற் பிரச்சினைக்கு வருவோம். மேற்கூறிய 2024 ஆம் ஆண்டுச் சட்டம் தன் நிபந்தனைகளை இரண்டாக வகுக்கிறது. பண்டம் இன்னவாறு இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. பண்டத்தைப் பற்றி இன்னின்னவற்றைத் தெரிவித்தல் வேண்டும் என்பது மற்றையது. இவை அடுத்தடுத்த உறுப்புரைகளில் அமைந்திருப்பதால் ஓரினமாகவே தோன்றக்கூடும். ஆயின், ஒரு குயவன் தன் குடத்தின்மீது, ‘இஃது ஓராண்டில் உடையும்’ என்று எழுதி ஒட்டிவிடுகிறான் எனக் கொள்வோம். அவன் பொய் கூறவில்லை. வாங்குபவனை ஏமாற்றவுமில்லை. பத்தாண்டு நிற்கும் குடத்தை வனையத் தெரிந்தும், ஆண்டுதோறும் ஒரு குடம் விற்கலாம் என்று கருதி ஓராண்டுக் குடத்தை வனைந்தான் எனின், எழுதி ஒட்டிய உண்மை அவன் கடனைத் தீர்த்துவிடுமா?

இவ்வினா வெறுங் கற்பனையன்று என்பதற்கு மின்குமிழின் வரலாறு சான்று பகரும். 1924 டிசம்பரில் ஒஸ்ராம், பிலிப்ஸ் உள்ளிட்ட முன்னணி மின்குமிழ் உற்பத்தியாளர் ஜெனீவாவிற் கூடி, பீபஸ் என்னும் பெயரில் ஒரு கூட்டை அமைத்தனர். உலகச் சந்தையைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டதோடு வீட்டு மின்குமிழின் ஆயுளை 1000 மணித்தியாலம் என்றும் நிர்ணயித்தனர். அதற்கு முன்னர் 1500 மணி தொடக்கம் 2000 மணி வரை எரியும் குமிழ்கள் வழக்கிலிருந்தன. ஆயுள் குறைந்த குமிழ் ஒரே மின்சாரத்துக்குக் கூடிய ஒளி தரும் என்று அவர்கள் நியாயம் கூறினர். பௌதிகவியல் நோக்கில் அக்கூற்றில் உண்மையும் உண்டு. ஆயினும் நமது கவனத்துக்குரியது அவர்கள் கையாண்ட முறையே. உறுப்பு நிறுவனங்களின் தொழிற்சாலைகள் மாதிரிக் குமிழ்களைச் சுவிற்சர்லாந்திலிருந்த ஆய்வுகூடத்துக்கு ஒழுங்காக அனுப்புதல் வேண்டும். அங்கு அவை எரித்துப் பார்க்கப்பட்டன, ஆயுள் பதியப்பட்டது, வரம்பை மீறி நீண்ட நேரம் எரிந்த குமிழின் உற்பத்தியாளருக்குக் குற்றப்பணம் விதிக்கப்பட்டது. பண்டத்தின் மூலத்தை அறிதல், அளத்தல், பதிதல், ஒப்பிடுதல், மீறியவரைத் தண்டித்தல் என்னும் யாவும் அங்கு இருந்தன. இன்றைய கடவுச்சீட்டின் கருவிகளுட் கணினியொன்றைத் தவிர ஏனையவை நூறாண்டுகளுக்கு முன்னரே கைவசம் இருந்தன எனலாம். அக்கருவிகள் குமிழின் ஆயுளைக் குறைப்பதற்குப் பயன்பட்டன. பதிவேட்டுக்குத் தன்னளவில் அறமில்லை. அதை எந்த நோக்கத்துக்காக எழுதுகிறோமோ அந்நோக்கத்தின் நிறத்தையே அது பெறுகிறது.

வேறொரு புறத்திலிருந்தும் இதனை நோக்கலாம். 1990 களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமும் எரிபொருளும் பற்றரியும் அற்றிருந்த காலத்தில், மக்கள் துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து வைத்து, சில்லைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டனர். சில துளி பெற்றோலைக் காட்டித் தொடக்கிவிட்டு மண்ணெண்ணெயில் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டினர். இதனை வியந்து பாடுவது என் எண்ணமன்று. முற்றுகைக்குள் வாழ்ந்தவர் பட்ட பாட்டைத் திறமைக்குச் சான்றிதழாக மாற்றுவதில் ஒரு கொடுமை இருக்கிறது. நான் சுட்ட விழைவது அப்பண்டங்களின் இயல்பையே. அவை தம்மைப் படிக்க விட்டன. திருகாணியைக் கழற்றினால் மூடி திறந்தது; மூடி திறந்தால் எது எதனைச் சுழற்றுகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. அக்காலத்துத் துவிச்சக்கரவண்டி தன் கடவுச்சீட்டைத் தன் உடம்பிலேயே சுமந்தது எனின் அது மிகையாகாது. எழுத்தறியாத ஒருவரும் அதை வாசிக்கலாம்.

அண்மையில் என் கைத்தொலைபேசியின் பற்றரி தளர்ந்துபோகவே, நகரத்துத் திருத்தகமொன்றுக்கு அதனைக் கொண்டு சென்றேன். திருகாணி எதுவும் வெளியே தெரியவில்லை. அங்கிருந்த இளைஞர் அதனைச் சூடேறிய தட்டொன்றின்மேல் வைத்துப் பசையை இளக்கினார். பின்பு மெல்லிய தகடொன்றைச் செருகி முதுகுக் கண்ணாடியைப் பெயர்க்கத் தொடங்குமுன் என்னைப் பார்த்து, “சேர், திறக்கேக்க கண்ணாடி வெடிச்சா நான் பொறுப்பில்லை” என்றார். அவர் கூறியது முற்றிலும் நியாயமானது. அவர் பொறுப்பில்லை. நானும் பொறுப்பில்லை, பசையிட்டு ஒட்டும்படி நான் கேட்கவில்லை. கடைக்காரரும் பொறுப்பில்லை. ஆயினும் அக்கண்ணாடி திருகாணியால் இணைக்கப்படாமற் பசையால் ஒட்டப்பட்டதற்கு ஒரு காரணம் இருத்தல் வேண்டும். எங்கோ ஒரு மேசையில், யாரோ சிலர், அதன் விளைவை அறிந்தே அவ்வாறு தீர்மானித்தனர். நிமித்த காரணம் என நம் முன்னோர் கூறியது இதனையே. மண்ணுக்கும் சக்கரத்துக்கும் இல்லாத ஒன்று குயவனுக்கு உண்டு: வேறுவிதமாகவும் வனைந்திருக்க அவனால் முடியும். பொறுப்பு என்னும் சொல்லுக்கு இடம் உண்டாவதும் அங்கேதான்.

இக்காரணத்தாலேயே, கடவுச்சீட்டைவிடக் குறைவாகப் பேசப்படும் சில விதிகளை நான் மேலானவையாகக் கருதுகிறேன். 2023/1670 ஆம் இலக்க ஒழுங்குவிதி 2025 யூன் 20 முதல் ஐரோப்பியச் சந்தைக்கு வரும் கைத்தொலைபேசிகளுக்குச் சில நிபந்தனைகளை விதித்துள்ளது. 800 முறை மின்னேற்றி இறக்கிய பின்னரும் பற்றரி தன் கொள்ளளவில் நூற்றுக்கு 80 பங்கையேனும் தக்கவைத்தல் வேண்டும். அம்மாதிரியின் விற்பனை நிறுத்தப்பட்ட பின்னும் ஏழாண்டுகளுக்கு முக்கிய உதிரிப்பாகங்கள் கிடைத்தல் வேண்டும். இவ்விதி குயவனை நோக்கி நேரே பேசுகிறது. ‘உன் குடத்தைப் பற்றி எழுது’ என அது கேட்பதில்லை. ‘இவ்வாறு வனை’ என்கிறது. அவ்வாறே, விற்பனையாகாத புத்தாடைகளையும் பாதணிகளையும் அழித்தலைப் பெரிய நிறுவனங்களுக்கு 2026 யூலை 19 முதல் 2024 ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. ஒருவரும் ஒருமுறையேனும் அணியாத சட்டையைத் தீயிலிடுவது எவ்வளவு நேர்மையாகக் கணக்கெழுதி வைக்கப்பட்டாலும் தவறே என்பதனைச் சட்டம் ஏற்றுக்கொண்டமை குறிப்பிடத்தக்கது.

தகவலைத் தருவதையே கடமையாகக் கொள்ளும் போக்கு வேறொரு தீங்கையும் உடையது. அது பொறுப்பை ஓசையின்றி வாங்குபவர் தலைமேல் இறக்கிவிடுகிறது. ‘எல்லாவற்றையும் எழுதியிருந்தோமே, நீர் வாசிக்கவில்லையா?’ என்னும் வினா அதன் இயல்பான முடிவு. இயலாத ஒன்றைச் செய்யும் கடமை எவர்க்கும் இல்லை என்பது கான்ற் முதலியோர் வலியுறுத்திய கொள்கை. மாதச் சம்பளத்தின் எஞ்சிய பகுதியைக் கொண்டு பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கும் தாய் அதன் காபன் கணக்கை வாசித்து என்ன செய்வார்? மலிவானதையே அவரால் வாங்க முடியும். மெய்யியலாளர் ஒனோரா ஓநீல் 2002 இல் பி.பி.சி.யில் நிகழ்த்திய ரீத் சொற்பொழிவுகளில், வெளிப்படைத்தன்மை பெருகுவதால் நம்பிக்கை பெருகிவிடுவதில்லை என வாதிட்டார். தகவல் வெள்ளமாய்ப் பெருகும்போது அதனைச் சோதித்து மதிப்பிடும் வழி மக்களுக்கு இல்லாதிருப்பின் அவ்வெள்ளத்தாற் பயனில்லை என்பது அவர் கருத்தின் சாரம்.

இவ்வாதத்துக்கு எதிர்வாதமும் உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. பிரான்சு 2021 யனவரி முதற் கைத்தொலைபேசி, மடிக்கணினி முதலிய சிலவற்றுக்குத் திருத்தத்தக்க தன்மையைப் பத்துக்கு இத்தனை புள்ளி என விலைக்கு அருகே காட்டும்படி கட்டாயப்படுத்தியது. இதுவும் வெறுந் தகவலே. எனினும் வாங்குபவர் அதனை வாசிக்காவிடினும், போட்டியாளரின் புள்ளியைப் பார்த்து வெட்கமடையும் உற்பத்தியாளர் அதனை வாசிப்பார். மேலும், பதிவு இன்றி எந்த வடிவமைப்பு விதியையும் நடைமுறைப்படுத்துதல் இயலாது. பத்தாண்டு நிற்கும் குடம் என்பதை யாரேனும் எங்கேனும் சோதித்து எழுதி வைத்தாலன்றி அவ்விதி வெறுஞ் சொல்லே. ஆகவே நான் கடவுச்சீட்டை வேண்டாம் எனக் கூறவில்லை. அது யாருக்கு உரியது என்னும் வினாவையே எழுப்புகிறேன்.

சித்தாந்திகள் மூன்று காரணங்களோடு நின்றுவிடவில்லை. யார்பொருட்டு இப்படைப்பு என்றும் வினவி, உயிர்களின் பொருட்டு என விடையிறுத்தனர். குடத்துக்கும் அவ்வினா பொருந்தும். குடம் வாங்குபவரின் பொருட்டு என்று விரைந்து விடை கூறிவிடுவோம். ஆனால் இன்றைய பண்டம் வாங்குபவர் கையில் தங்கும் காலம் அதன் வாழ்நாளில் ஒரு சிறு பகுதியே. அவருக்குப் பின் இரண்டாங் கை, மூன்றாங் கை. இறுதியில் உடைப்பவரின் கை. ஜேர்மன் மெய்யியலாளர் ஹான்ஸ் யோனாஸ் 1979 இல் வெளியிட்ட பொறுப்புப் பற்றிய தம் நூலில், பழைய அறவியல் அண்மையிலுள்ளாரையும் நிகழ்காலத்தையுமே கருத்திற் கொண்டதென்றும், தொழில்நுட்பத்தின் கை நீண்டுவிட்டமையாற் பொறுப்பும் அத்துணைத் தூரம் நீளல் வேண்டுமென்றும் நிறுவினார். தூரம் என்று அவர் கூறியதைக் கொழும்புத் துறைமுகத்தில் நாம் கண்ணாற் கண்டிருக்கிறோம். 2017 க்கும் 2019 க்கும் இடையில் பிரித்தானியாவிலிருந்து, பயன்படுத்திய மெத்தை, கம்பளம் என்னும் பெயரிற் கொள்கலன்கள் வந்திறங்கின. திறந்து பார்த்தபோது மருத்துவக் கழிவுகளும் அவற்றுள் இருந்தன. சூழலியலாளர் நீதிமன்றத்தை நாடினர். 2020 இல் தொடங்கிய திருப்பியனுப்புதல் 2022 பெப்ரவரியில் முடிவுற்றபோது மொத்தம் 263 கொள்கலன்கள் சென்றிருந்தன. அக்கொள்கலன்களுக்கும் ஆவணம் இருந்தது. மெத்தை என்றே அதில் எழுதியிருந்தது.

பழைய பற்றரியை உடைத்து ஈயம் எடுப்பவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதை அறிதல் உயிர்ப்பிரச்சினை. வாங்குபவருக்கு அது ஒரு தெரிவு மாத்திரமே. ஒரே தகவல் ஒருவருக்கு அலங்காரமாகவும் மற்றவருக்கு மூச்சாகவும் இருக்கும்போது, அது மூச்சாக இருப்பவருக்கே முதலில் உரியது என்பது என் துணிபு. உடைப்பவர் எதனையும் தெரிவு செய்யவில்லை. அவரிடம் வந்து சேர்ந்ததைத் தொடுகிறார். இலித்தியம் பற்றரியை எங்கே அறுத்தால் தீப்பிடிக்கும் என்பதை வடிவமைத்தவர் அறிவார், அறுப்பவர் அறியார். அறிந்தவர் அறியாதவருக்குச் சொல்லாதிருத்தல் எந்த அறநூலிலும் குற்றமே.

இதே அளவுகோலைச் சங்கிலியின் மறுமுனையிலும் வைத்துப் பார்த்தல் வேண்டும். காடழிப்பைத் தடுப்பதற்கெனப் பிறப்பிக்கப்பட்டு, நடைமுறை ஒருமுறைக்கு மேற் பிற்போடப்பட்ட 2023/1115 ஆம் இலக்க ஐரோப்பிய ஒழுங்குவிதியின்படி, இறப்பர் எந்த நிலத்தில் விளைந்தது என்பதை அகலாங்கு நெட்டாங்குடன் காட்டுதல் வேண்டும். கேகாலையிலோ களுத்துறையிலோ ஓர் ஏக்கரிற் பால் வெட்டும் சிறுதோட்டக்காரரின் நிலம் உலகப்படத்தில் ஒரு புள்ளியாகிவிடும். நோக்கம் நல்லதே. ஆயின் அவர் தம் காணியைத் திறந்து காட்ட, அப்பாலைக் கொண்டு ரயர் செய்பவரின் சேர்மானம் வணிக இரகசியம் என்னும் பூட்டுக்குள் இருக்கலாம். கடவுச்சீட்டின் கதவுகள் ஆளுக்கொரு அளவிற் திறப்பன என முன்னர்க் கூறினோம். கீழே உள்ளவர் கண்ணாடி வீட்டிலும் மேலே உள்ளவர் திரைக்குப் பின்னாலும் இருக்கும் ஏற்பாட்டை நீதி எனல் கடினம். ஆடைக்கும் இது பொருந்தும். ஒரு சட்டையின் பருத்தி எவ்வளவு, பொலியெஸ்டர் எவ்வளவு, மீள்சுழற்சி நார் எவ்வளவு என்பவற்றைக் கேட்கவல்ல இச்சட்டம், அதனைத் தைத்த பெண் அன்று எத்தனை மணித்தியாலம் இருந்து தைத்தாள் எனக் கேட்கவில்லை. சமூக நிபந்தனைகளைச் சேர்ப்பதா என்பது பின்னர் ஆராயப்படவென விடப்பட்டுள்ளது. 1978 இற் கட்டுநாயக்காவில் முதலாவது சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது முதல் இந்நாட்டுப் பெண்களின் கைகள் வழியே சென்ற ஆடைகளுக்கு அளவில்லை. அந்தக் கை முதற்காரணமா, துணைக்காரணமா என்று பாடப்புத்தகம் கூறாது.

மொழியைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். தகவல் உறுப்பு நாட்டு மக்கள் எளிதில் விளங்கிக்கொள்ளும் மொழியில் இருத்தல் வேண்டும் எனச் சட்டம் விதிக்கிறது. தன் மக்களுக்கு ஒன்றியம் செய்யவேண்டிய கடன் அது. பண்டமோ ஒன்றியத்தின் எல்லையோடு நின்றுவிடுவதில்லை. இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ பழைய இரும்புக் கடையொன்றின் பின்முற்றத்தில், உறை கழன்ற பற்றரியொன்றின்மீது அந்தச் சதுரக் குறி பாதி அழிந்த நிலையிற் கிடக்கும். சுத்தியலைக் கையிலெடுத்தவர், யாரோ சொல்லக் கேட்டு, தம் கைத்தொலைபேசியை அதன்மேற் பிடிப்பார். அப்போது என்ன திறக்கும், எம்மொழியிற் திறக்கும், அல்லது இதனைப் பார்க்க உமக்கு அனுமதியில்லை என வருமா என்பதைத் தீர்மானிக்கும் விதிகள் பண்டவகை ஒவ்வொன்றுக்குமாக இப்பொழுதுதான் எழுதப்படுகின்றன.